முழங்கைக்குக் கீழே

  

மேடையில் ஏறியதும் நான் சட்டைக் கையை மடிப்பதைப் பார்த்து முன்வரிசையில் சிலர் யோசிக்கிறீர்கள். இந்த இடது கையில், முழங்கைக்குக் கீழே மூன்று விரற்கடை தள்ளி, ஒரு புடைப்பு இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கிட்ட வந்து தொட்டுப் பார்க்கலாம். இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். அப்படிப்பட்ட நானே இந்தப் புடைப்பை நாலு மாதம் ஒளித்து வைத்திருந்தேன்.

ஒரு சுபஹுக்கு வுழு எடுக்கும்போதுதான் இது தட்டுப்பட்டது. ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஒவ்வொரு தரமும் மூன்று முறை, முழங்கை வரைக்கும் தடவிக் கழுவுகிற கை. அறுபது வருடமாக அறிந்த கை. அன்றைக்கு அதில் ஏதோ அறியாத ஒன்று விரலில் பட்டது. புளியங்கொட்டை அளவுதான். நோகவில்லை. சிவக்கவில்லை. தொழுகையில் நின்றேன், என்ன ஓதினேன் என்று தெரியாது.

அதற்குப் பிறகு கை சும்மா இருக்குமா? சந்தைக்குப் போகும்போதும், பள்ளியில் ஸஃப்பில் நிற்கும்போதும், வலக்கை விரல் போய் இடக்கையைத் தேடும். நூலால் சுற்றி அளந்தேன். பேனையால் ஓரத்தில் கோடு கீறி, கோட்டைத் தாண்டி வளர்ந்திருக்கிறதா என்று மறுநாள் பார்த்தேன். அரைக் கைச் சட்டை போடுவதை விட்டேன். இரவில் கணக்குப் போட்டேன். இந்தக் கரையில் பெண் பிள்ளை பெற்றவன் என்ன கணக்குப் போடுவான் என்று உங்களுக்குத் தெரியும். மகளின் வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. கூரை போட வேண்டும், நிலத்துக்கு டைல்ஸ் போட வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் "சேருக்கு அந்த வருத்தமாம்" என்று ஊரில் ஒரு சொல் கிளம்பினால் என்ன ஆகும்? வீடு முடியட்டும், கலியாணம் முடியட்டும், அதற்குப் பிறகு காட்டலாம் என்று நினைத்தேன். அது சபூர் என்றும் நினைத்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், மறைப்பது சபூரில் சேராது. ஒரு நோயோடு அது என்னவென்று தெரிந்துகொண்டு பொறுத்திருப்பதுதான் சபூர். நான் செய்தது பயத்துக்குச் சட்டைக் கை போட்டு மூடியது.

மனைவிதான் கண்டுபிடித்தார். "இஞ்ச பாருங்க, நானும் ரெண்டு மாசமாப் பாக்கன். அந்தக் கையத் தடவாம ஒரு நேரமும் இருக்கீங்க இல்ல. என்ன கையில?" ஒன்றுமில்லை என்றேன். அவர் சட்டைக் கையை மேலே தள்ளி, விரலை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்குக் காலையில போவம்" என்றார். அவ்வளவுதான். நாலு மாதமாக என்னால் எடுக்க முடியாத முடிவை அவர் ஒரு நிமிடத்தில் எடுத்தார்.

மறுநாள் வெளிநோயாளர் பிரிவில் இருந்த டொக்டர் என்னிடம் படித்தவர். இதுவும் நான் போகாததற்கு ஒரு காரணம். சின்ன ஊர், எல்லாரும் தெரிந்தவர்கள். "எப்ப இருந்து சேர்?" என்றார். நாலு மாதம் என்றேன். "நாலு மாசமா ஏன் சேர் வரல்ல?" என்னிடம் பதில் இல்லை.

அவர் எப்படிப் பார்த்தார் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொண்டால் பயத்தில் பாதி குறையும். கட்டியின் மேல் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். தோலோடு ஒட்டியிருக்கிறதா என்று அறிய. பிறகு கட்டியை அங்கும் இங்கும் நகர்த்தினார். கையை இறுக்கிப் பொத்தச் சொல்லி மறுபடி நகர்த்தினார். தசையை இறுக்கும்போது கட்டி அசையாமல் நின்றாலோ மறைந்தாலோ அது ஆழத்தில் இருக்கிறது. தோலுக்குக் கீழே மேலாக இருந்தால் இறுக்கினாலும் வழுக்கும். நாடி போல அதுவும் துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். முழங்கையின் உட்புறத்திலும் கமுக்கூட்டிலும் தடவினார். உடம்பு மெலிந்ததா, காய்ச்சல் வந்ததா, வேறெங்கும் இப்படி இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். அதற்குப் பிறகு ஸ்கேன், சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக். கொழுப்புக் கட்டி என்றார்கள். லிப்போமா என்பது அதன் பெயர். தோலுக்கும் தசைக்கும் இடையில் கொழுப்புக் கலங்கள் ஓர் உறைக்குள் சேர்ந்து திரள்வது. வேண்டுமென்றால் எடுக்கலாம், வேண்டாமென்றால் விடலாம். வளர்ந்தால், நொந்தால் வந்து காட்ட வேண்டும். கிளினிக் கொப்பியில் அளவை எழுதித் தந்தார்கள். இதோ, கட்டி இன்னும் கையில் இருக்கிறது.

இனி என்னை விடுவோம். நம் பாஷையைப் பாருங்கள். உடம்பில் எழும்புவதற்கு நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது! கட்டி, கழலை, பரு, மரு, பாலுண்ணி, கொப்புளம், சிலந்தி, பிளவை. காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையடியில் நெறி கட்டும் என்று மூத்தம்மாமார் சொல்வார்கள். விரலில் புண் என்றால் முழங்கைக்கு உட்புறத்திலோ கமுக்கூட்டிலோ நெறி கட்டும். அது நிணநீர்க் கணு. உடம்பு கிருமியோடு போராடும் இடம். பரியாரிமார் தொட்டுப் பார்த்துத்தான் இத்தனை பெயரும் வைத்தார்கள். ஆனால் இன்றைக்கு நாம் இரண்டே சொல்லோடு வாழ்கிறோம். ஒன்று, "சும்மா கட்டி". மற்றது, "அந்த வருத்தம்". பகலில் சும்மா கட்டி என்கிறோம், இரவில் அந்த வருத்தம் என்கிறோம். இரண்டுக்கும் நடுவே இருப்பது எதுவும் நமக்குத் தெரிவதில்லை.

நடுவே நிறைய இருக்கிறது. மருதமுனையில் தறியில் இருக்கும் ஒரு தம்பி மணிக்கட்டின் மேற்புறத்தில் எலும்பு போலக் கெட்டியான ஒரு உருண்டையைக் காட்டினார். அது மூட்டிலிருந்து பிதுங்கிய, பசை போன்ற நீர் நிறைந்த பை. பல பேருக்குத் தானாகவே வற்றிப்போகும். அதைத் தடித்த புத்தகத்தால் அடித்து உடைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, செய்யாதீர்கள். இளம் உம்மாமார் பிறந்த பிள்ளையின் இடது தோளுக்குக் கீழே சில கிழமை கழித்து ஒரு பரு எழும்பிச் சீழ் வைப்பதைக் கண்டு பதறுகிறார்கள். அது பிசிஜி ஊசி போட்ட இடம். காசநோய்க்கு எதிராகப் பிள்ளை ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்பே போடுவது. பரு வருவதும் ஆறித் தழும்பாவதும் ஊசி வேலை செய்ததற்கு அடையாளம். பிதுக்க வேண்டாம், மஞ்சள் பூச வேண்டாம்.

இலங்கையில் அதிகம் காணப்படும் ஒரு கட்டியும் உண்டு. நாய்களின் தோலுக்குக் கீழே வாழும் ஒரு நூல்புழு, நுளம்பு கடிக்கும்போது மனிதனுக்குள்ளும் வந்துவிடும். டைரோஃபிலேரியா என்பார்கள். 10 சென்ரிமீற்றருக்கு மேலும் நீளக்கூடிய வெள்ளை நூல் போன்றது. நம் உடம்பு அதைச் சுற்றி வளைத்து ஒரு கட்டியாக்கிவிடும். உலகில் இந்தப் புழுக்கட்டி அதிகமாகக் காணப்படும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. சிறு பிள்ளைகளிடமும் வரும். வெட்டி எடுத்தால் அதோடு முடிந்தது, நோயைக் கண்டறிந்ததும் அதே வெட்டு, குணமாக்கியதும் அதே வெட்டு.

மணல் ஈ கடித்து வருவது இன்னொன்று. கையில், முகத்தில், உடுப்பு மூடாத இடத்தில் ஒரு சிறு பரு. நோகாது, அரிக்காது. மாதக்கணக்கில் மெல்லப் பெருத்து நடுவில் புண்ணாகும். லீஷ்மேனியாசிஸ் என்ற அந்த நோயின் பெயரில் இருப்பவர் லீஷ்மன். கிருமியின் முழுப்பெயரில் இன்னொருவரும் இருக்கிறார். 1903 இல் மதராஸ் பெரியாஸ்பத்திரியில் வேலை செய்த டொனவன் என்ற ஐரிஷ்காரர். இந்தியாவின் பீகாரில் அதே இனக் கிருமி ஈரலையும் மண்ணீரலையும் தாக்கி ஆளைக் கொல்லும். இலங்கையில் அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. 1992 இல் உள்ளூரில் தொற்றிய முதல் நோயாளி பதிவானார். 2008 முதல் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய் இது. காட்டோரத்தில் சேனைக்கும் வயலுக்கும் போகிறவர்கள், வடமத்தியிலும் தெற்கிலும் வேலைக்குப் போய் வந்தவர்கள், ஆறாத பரு ஒன்று கையில் இருந்தால் தோல் கிளினிக்குக்குப் போங்கள். பருவுக்குள்ளேயே ஊசி போட்டோ குளிரால் உறையவைத்தோ ஆற்றுகிறார்கள்.

தொழுநோயையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அது முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைக் கயிறு போலத் தடிக்கச் செய்யும். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் வரும். 1995 இல் தேசிய மட்டத்தில் கட்டுப்பட்டுவிட்டது என்று அறிவித்த பிறகும் நம் கிழக்கில் புது நோயாளிகளைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மருந்து இலவசம், முற்றாகக் குணமாகும். நம் மட்டக்களப்பு வாவிக்குள் தொழுநோயாளர்களை வைத்திருந்த மாந்தீவு என்றாலே நடுங்கிய காலம் போய்விட்டது.

இனி நீங்கள் கேட்கப் பயப்படுவதைச் சொல்கிறேன். கையில் வரும் கட்டி புற்றாகவும் இருக்கலாம். தசை, கொழுப்பு, நார், நரம்பு போன்ற மெல்லிழையங்களில் வரும் புற்றுக்கு சார்க்கோமா என்று பெயர். மிக அரிது. இந்த இழையங்களில் வரும் தீங்கற்ற கட்டிகள் நூறு என்றால் தீயது ஒன்று கூடத் தேறாது என்பது மருத்துவப் பாடநூல்களின் கணக்கு. வளர்ந்தவர்களுக்கு வரும் எல்லாப் புற்றுநோயிலும் இது சுமார் நூற்றில் ஒன்று.

அந்த ஒன்று தமிழ் பேசும் உலகம் முழுவதும் அறிந்த ஒருவரின் கையில் வந்தது. திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷியைச் சொல்கிறேன். 1948 கடைசியில் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கட்டி தோன்றியது. நான் சட்டையை மடித்துக் காட்டினேனே, ஏறத்தாழ இதே இடம். 1949 பெப்ரவரியில் ஆசிரமத்து வைத்தியர் அதை வெட்டி எடுத்தார். ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தது, முன்னதை விடப் பெரிதாக. மதராஸிலிருந்து சத்திரசிகிச்சை நிபுணர்கள் போனார்கள். சார்க்கோமா என்று உறுதியானது. ரேடியம் வைத்தார்கள். மூலிகை வைத்தியமும் ஹோமியோபதியும் நடந்தன. கையை எடுத்துவிடலாம் என்றார்கள், அவர் சம்மதிக்கவில்லை. நாலு சத்திரசிகிச்சை. 1950 ஏப்ரல் 14 ஆம் திகதி இரவு காலமானார். அவருடைய மார்க்கம் வேறு, நம் மார்க்கம் வேறு. தன் கையைப் பற்றித் தானே முடிவெடுத்த ஒரு பெரியவரின் முடிவைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த வைத்தியரையும் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஸ்கேன் இல்லை, இன்றுள்ள கீமோ மருந்துகள் இல்லை. ஆனால் அந்தக் கட்டி சிறிதாகத்தான் தொடங்கியது என்பதையும், வெட்டிய பிறகு திரும்பி வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏன் வைக்கச் சொல்கிறேன் தெரியுமா? என் வாப்பாவின் தங்கைக்கு, எனக்கு மாமி, வலது மேற்கையில் ஒரு கட்டி வந்தது. வன்செயல் காலம். "நெல்லுக் குத்தின கை, அதான் திரண்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டார். பரியாரி பற்றுப் போட்டார். லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஒரு வருடம் போய்விட்டது. கடைசியில் ஓரிடத்தில் வெட்டி எடுத்தார்கள். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், அது இப்போது முக்கியமில்லை. வெட்டிய சதையை எந்த ஆய்வுகூடத்துக்கும் அனுப்பவில்லை. எறிந்துவிட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. நான் விஞ்ஞான ஆசிரியன், எனக்கும் தோன்றவில்லை. மூன்று மாதத்தில் அதே தழும்புக்குக் கீழே மறுபடி எழும்பியது. வீதி திறந்த ஒரு நாளில் பஸ்ஸில் மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "முதல் வெட்டின ரிப்போர்ட் எங்க?" இல்லை. நெஞ்சுக்குள் பரவியிருந்தது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "வெட்டினதுதானே, போயிட்டுது எண்டு இருந்தன் மனே."

இந்த மண்டபத்தில் நான் சொன்ன எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். உங்கள் உடம்பிலிருந்து எந்தக் கட்டியை எடுத்தாலும், அது கடுகளவாக இருந்தாலும், "இத லெப்புக்கு அனுப்புறீங்களா டொக்டர்?" என்று கேளுங்கள். ரிப்போர்ட் வந்ததா என்று போய்க் கேளுங்கள். கையில் வாங்கிக் கிளினிக் கொப்பியோடு வையுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல டொக்டர் யாரும் கோபிக்க மாட்டார்.

ஊசி குத்தினால் பரவும், கத்தி பட்டால் பரவும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? முற்றிய பிறகு போய், வெட்டி, சில மாதத்தில் மௌத்தானவர்களைப் பார்த்ததிலிருந்து வந்தது. கத்தி கொன்றது என்று நினைத்தோம். கத்திக்கு முன்பே போன வருடங்களை யாரும் எண்ணவில்லை. இதில் ஒரு துளி உண்மை உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். சந்தேகமான கட்டியில் எந்த இடத்தில் ஊசி போட்டுச் சதை எடுப்பது என்பதைப் பிறகு அதைச் சத்திரசிகிச்சை செய்யப் போகிற நிபுணரே தீர்மானிக்க வேண்டும். அதனால்தான் சந்தேகமானதை அவசரமாக வெட்டாமல் முதலில் ஸ்கேன் எடுத்து, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கிறார்கள்.

பயப்படுகிறவர்களுக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு சாட்சி தருகிறேன். ஸ்பெயினின் குர்துபாவுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த அபுல் காசிம் அல் ஸஹ்ராவி, 1013 இல் மௌத்தானவர். முப்பது பாகமுள்ள தன் மருத்துவ நூலின் கடைசிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார், கருவிகளைப் படம் வரைந்து காட்டினார். புற்று தொடக்கத்திலேயே, முழுதாக எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் எடுத்துவிடலாம் என்றும், முற்றிப் பெருத்ததைத் தான் ஒருபோதும் குணமாக்கியதில்லை என்றும் எழுதி வைத்தார். தனக்கு முடியாததை ஒளிக்காமல் எழுதிய அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு. ஓதிப் பார்ப்பவர்களிடம் நான் சண்டைக்கு வரவில்லை. என் மனைவி என் கைக்கு ஓதி ஊதித்தான் கூட்டிப் போனார். ஓதுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

எதற்கு உடனே போக வேண்டும்? ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டினால், அதாவது பெரிய தேசிக்காய் அளவு வந்தால். கிழமைக்குக் கிழமை வளர்ந்தால். ஆழத்தில், அசையாமல் இருந்தால். எடுத்த இடத்தில் திரும்ப வந்தால். நோவுக்குக் காத்திருக்காதீர்கள். நோகிற கட்டி பெரும்பாலும் சீழ்க் கட்டி, அது ஒரே கிழமையில் உங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விடும். நோகாததுதான் நம்மை வீட்டில் இருத்தி வைக்கிறது. இந்த அடையாளம் ஒன்றும் இல்லாவிட்டாலும், புதிதாக வந்து இரண்டு மூன்று கிழமை போகாமல் நிற்கும் எதையும் ஒரு தரம் காட்டுங்கள். மகரிஷியின் கட்டியும் சிறிதாகத்தான் இருந்தது.

பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் கை முழுதும் மூடியிருக்கிறது. வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரியாது. ஆண் டொக்டரிடம் காட்டக் கூச்சம் என்றால் பெண் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக் 35 வயதைத் தொட்ட பெண்களுக்கானது. மார்பையும் அங்கே பார்ப்பார்கள். கமுக்கூட்டில் வரும் கட்டியைக் கைக்கட்டி என்று நினைத்து விடாதீர்கள், அது மார்பின் செய்தியாகவும் இருக்கலாம். கலியாணப் பேச்சுக்குப் பயந்து குமரின் கட்டியை மறைக்கும் உம்மாமாரிடம் கைகூப்பிக் கேட்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் கேட்கட்டும்.

முன்னைப் போலத் தூரமும் இல்லை. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. இவற்றில் ஒன்றிலும் காட்டுவதற்குக் காசு கேட்பதில்லை.

இந்த மண்டபத்தில் யாருடைய சட்டைக் கைக்குள்ளோ, அபாயாக் கைக்குள்ளோ இப்போது ஒரு கட்டி இருக்கலாம். நான் பேசத் தொடங்கியதிலிருந்து உங்கள் விரல் அதைத் தேடியிருக்கும். இன்றிரவு வீட்டில் ஒருவரிடம் அதைத் தொட்டுக் காட்டுங்கள். நாளை காலை எட்டு மணிக்கு வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுங்கள். தனியே போகப் பயமென்றால் என் வீடு உங்களுக்குத் தெரியும், வந்து கூப்பிடுங்கள். நான் கூட வருகிறேன்.